பனிக்கட்டியைக் கொண்டு மழையை விளக்கிய அல்பிரட் வெகனர் (1880 - 1930)

கண்ட நகர்வுக் கொள்கையை முன்வைத்தவர் யார் என்ற வினாவுக்கு அல்பிரட் வெகனர் என ஒரு வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வது மாணவர்களின் வழக்கம். ஆனால் வெகனர் தொழிலால் ஒரு வளிமண்டலவியலாளர் என்பதைப் பலர் அறிவதில்லை. உயர்ந்த முகில்களில் மழை எவ்வாறு உருவாகின்றது என்பதை விளங்கிக்கொள்ள வழிகாட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். பனிக்கட்டியைப் பற்றிய அறிவைத் தேடிச் சென்ற இடத்திலேயே அவரது உயிரும் பிரிந்தது.

இளமையும் கல்வியும்

வெகனர் 1880 நவம்பர் 1 ஆம் திகதி ஜேர்மனியின் பேர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு மதகுருவும் ஆசிரியருமாவார். ஐந்து பிள்ளைகளுள் இவரே கடைசிப் பிள்ளை. 1905 இல் வானியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் அவரது மனம் நட்சத்திரங்களை விட்டு வளிமண்டலத்தின்பால் திரும்பியது. 1906 ஏப்ரலில் தமையனார் கேர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணித்தியாலத்துக்கு மேலாக வானிலே தங்கி உலக சாதனை படைத்தார்.

அதே ஆண்டில் டென்மார்க் நாட்டு ஆய்வுக் குழுவொன்றுடன் கிறீன்லாந்துக்குச் சென்றார். பட்டங்களிலும் கட்டப்பட்ட பலூன்களிலும் கருவிகளைப் பொருத்தி மேலே அனுப்பி, துருவ வளிமண்டலத்தை அளந்தார். அப்பயணத்தின்போது குழுத் தலைவரும் இரு தோழர்களும் 1907 இல் பனிவெளியில் இறந்தனர். பனியின் கொடுமையை வெகனர் இளமையிலேயே அறிந்திருந்தார். அறிந்தும் அவர் அங்கு செல்வதைக் கைவிடவில்லை.

முகிலும் மழையும்

நாடு திரும்பிய வெகனர் 1909 இல் மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1911 இல் வளிமண்டல வெப்பவியக்கவியல் பற்றிய நூலை வெளியிட்டார். மழை பற்றிய அவரது முக்கியமான கருத்து இந்நூலிலேயே உள்ளது.

முகிற்றுளி ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர். மழைத்துளி ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். விட்டம் 100 மடங்காயின் கனவளவு 10 இலட்சம் மடங்காகும். அதாவது, பத்து இலட்சம் முகிற்றுளிகளின் நீர் சேர்ந்தாலே ஒரு மழைத்துளி உண்டாகும். ஒடுங்கலினால் மட்டும் ஒரு துளி இவ்வளவுக்குப் பருப்பதாயின் மிக நீண்ட நேரம் செல்லும். அவ்வாறாயின் மழை எப்படிப் பெய்கின்றது?

உயர்ந்த முகில்களின் மேற்பகுதியில் வெப்பநிலை பூச்சியப் பாகை செல்சியசிலும் குறைவாகும். அங்கும் பல துளிகள் உறையாமல் நீராகவே இருக்கும். இவை மிகைக்குளிர்ந்த நீர்த்துளிகள் எனப்படும். அவற்றின் நடுவே சில பனிக்கட்டிப் பளிங்குகளும் இருக்கும். பளிங்கில் மூலக்கூறுகள் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அவை எளிதில் வெளியேறமாட்டா. ஆகவே ஒரே வெப்பநிலையில், பனிக்கட்டியின் மேலுள்ள நிரம்பல் ஆவியமுக்கம் மிகைக்குளிர்ந்த நீரின் மேலுள்ளதிலும் குறைவாகும். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியசில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 9 சதவீதம்.

இதன் விளைவு யாது? நீர்த்துளிகளுக்கு நிரம்பிய நிலையிலுள்ள வளி, பனிக்கட்டிக்கு மிகைநிரம்பியதாகின்றது. நீராவி பளிங்குகளின் மேற் படிகின்றது. குறைந்த நீராவியை ஈடுசெய்ய நீர்த்துளிகள் ஆவியாகின்றன. துளிகள் தேயப் பளிங்குகள் வளரும். வளர்ந்த பளிங்குகள் பாரம் தாங்காது கீழே விழும். வழியில் வெப்பமான வளியை அடைந்ததும் உருகி மழைத்துளிகளாகும்.

கண்ட நகர்வுக் கொள்கை

1912 சனவரியில் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை வெளியிட்டார். அவ்வாண்டே மீண்டும் கிறீன்லாந்து சென்று, அதன் பனிப் படலத்தின் மேல் மாரிகாலத்தைக் கழித்து, 1913 இல் அதனைக் குறுக்கே கடந்தார். காலநிலைப் பாகுபாட்டின் மூலம் நீங்கள் அறிந்த கெப்பனின் மகள் எல்சேயை 1913 இல் மணந்தார். முதலாம் உலகப் போரில் இருமுறை காயமடைந்தார். 1915 இல் கண்ட நகர்வு பற்றிய நூலை வெளியிட்டார். கண்டங்களை நகர்த்தும் விசை எதுவென அவரால் திருப்தியாக விளக்க முடியாமையால் பல புவிச்சரிதவியலாளர் அவரை ஏற்கவில்லை. 1924 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

இறுதிப் பயணம்

1930 இல் வெகனரின் தலைமையில் ஜேர்மன் ஆய்வுக் குழு கிறீன்லாந்தை அடைந்தது. பனிப் படலத்தின் நடுவே, மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் ஐஸ்மிட்டே என்னும் நிலையம் அமைக்கப்பட்டது. ஒரு மாரிகாலம் முழுவதும் அங்கு வானிலையை அளப்பதே நோக்கம். ஆனால் அங்கிருந்த கெயோர்கி, சோர்கே ஆகிய இருவருக்கும் வேண்டிய உணவும் எரிபொருளும் போதியளவு சென்று சேரவில்லை.

செப்டெம்பரில் வெகனர் தாமே சறுக்குவண்டிகளுடன் புறப்பட்டார். காலநிலை மோசமடையவே உடன்வந்த கிறீன்லாந்து மக்களில் ஒருவரைத் தவிர ஏனையோர் திரும்பினர். பொருட்களிற் பெரும்பகுதியும் வழியிற் கைவிடப்பட்டது. வெகனர், லோவே, ரஸ்மஸ் வில்லும்சன் ஆகிய மூவரும் ஒக்டோபர் 30 இல் நிலையத்தை அடைந்தனர். லோவேயின் கால்விரல்கள் பனியால் உறைந்துபோயிருந்தன. அவர் அங்கேயே தங்க நேர்ந்தது. இருந்த உணவு ஐவருக்குப் போதாது. ஆகவே வெகனரும் வில்லும்சனும் நவம்பர் 1 ஆம் திகதி கரையை நோக்கிப் புறப்பட்டனர். அன்று வெகனரின் 50 ஆவது பிறந்தநாள்.

இருவரும் கரையை அடையவில்லை. 1931 மே மாதம் பாதி வழியில் வெகனரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. வில்லும்சன் அதனைக் கவனமாகப் புதைத்து, இடம் தெரியும்படி பனிச்சறுக்குப் பலகைகளை நட்டிருந்தார். அந்த இளைஞர் பின்னர் என்னவானார் என்பது தெரியவில்லை. நிலையத்திலிருந்த மூவரும் உயிர் தப்பினர்; மாரிகால அளவீடுகளும் நிறைவேறின. வெகனரின் உடல் அப்பனியிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின்

சுவீடன் நாட்டு அறிஞர் பேர்ஜெரோன் வெகனரின் மழைக் கருத்தை விரிவாக்கி 1933 இல் முன்வைத்தார். 1938 இல் ஜேர்மனியரான பின்டைசன் அதனை மேலும் வலுப்படுத்தினார். இதனால் இச்செயன்முறை மூவரின் பெயராலும் வழங்கப்படுகின்றது. கண்ட நகர்வுக் கருத்தோ 1960 களில் தகட்டோட்டுக் கொள்கை உருவானபோதே மதிப்புப் பெற்றது. இரண்டு வெற்றிகளையும் காண வெகனர் உயிரோடு இருக்கவில்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இலங்கையிற் பிற்பகல் வேளைகளில் இடியுடன் மழை பெய்வதை நாம் அறிவோம். அந்த இடிமுகில்களின் உச்சியும் பனிக்கட்டிப் பளிங்குகளால் ஆனதே. அங்கு பளிங்குகளும் சிறு பனி உருண்டைகளும் மோதுவதால் மின்னேற்றம் பிரிந்து மின்னல் உண்டாவதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அடுத்த முறை வெகனரின் பெயரை விடைத்தாளில் எழுதும்போது, கண்டங்களோடு முகில்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்க

1. பனிக்கட்டியின் மேலுள்ள நிரம்பல் ஆவியமுக்கம், அதே வெப்பநிலையிலுள்ள மிகைக்குளிர்ந்த நீரின் மேலுள்ளதிலும் குறைவானது.
2. அதனால் நீர்த்துளிகள் ஆவியாகப் பனிக்கட்டிப் பளிங்குகள் வளர்கின்றன.
3. எல்லா மழையும் இவ்வாறு உண்டாவதில்லை. வெப்ப வலயத்தின் உயரங்குறைந்த முகில்களில் துளிகள் மோதி ஒன்றிணைவதாலும் மழை பெய்யும்.