முத்தின் கருவைத் தேடியவர்

மன்னார்ப் பெருநிலக் கரையிலே, சிலாபத்துறைக்கு வடக்கே, அரிப்பு என்னும் ஊரில் ஒரு பழைய மாளிகையின் இடிபாடு நிற்கின்றது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனத் தேசாதிபதி நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்தது அது. ஒருமுறை என் மாணவர்களோடு அதன் நிழலில் அமர்ந்திருந்தேன். முத்து எவ்வாறு உண்டாகின்றது என்று ஒருவன் வினவினான். சுவாதி மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகும் எனத் தன் பாட்டி சொன்னதை ஒருத்தி நினைவூட்டினாள். மணல் புகுந்தால் முத்தாகும் என்றான் மற்றொருவன். இவை தவறு எனக் கூறிவிடுதல் எளிது. எங்ஙனம் அறிந்தோம் என்பதை விளக்குவதே அரிது. அதற்காக, அந்தக் கரையைத் தேடி வந்த ஒரு பேரறிஞரின் வாழ்க்கையை அவர்களுக்குச் சொன்னேன்.

வில்லியம் அபட் ஹேர்ட்மன் 1858இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். சலெஞ்சர் என்னும் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றித் திரட்டிய உயிரினங்களுள் ஒரு பிரிவை ஆராய்ந்து இளமையிலேயே பெயர் பெற்றார். தமது 23ஆம் வயதில் லிவர்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியரானார். மான் தீவில் போர்ட் எரின் என்னுமிடத்துக் கடலுயிரியல் நிலையம் அவரது முயற்சியால் எழுந்தது. நச்சுக்காய்ச்சற் கிருமியேறிய சிப்பிகளை ஓடும் தூய நீரில் வைத்தால் அக்கிருமிகள் குறைவதைப் பொய்ஸ் என்னும் மருத்துவ அறிஞரோடு சேர்ந்து சோதித்துக் காட்டினார். எனவே, பரிசோதனை என்பது அவருக்குப் புதியதன்று.

அக்காலத்தில் இலங்கை அரசுக்கு ஒரு கவலை இருந்தது. 1891ஆம் ஆண்டிற்குப் பின் மன்னார்க் கடலிற் சலாபம் நடைபெறவில்லை. கோடி கோடியாய்த் தோன்றும் இளஞ்சிப்பிகள் முதிருமுன்னரே மறைந்தன. காரணம் காணுமாறு ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். 1902 ஜனவரியில் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலுடன் வந்து, பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளை ஆராய்ந்தார். சில மாதங்களில் அவர் திரும்பிவிட, ஹோர்னல் காலியில் அமைந்த ஆய்வுகூடத்திலும் கடலிலும் பணியைத் தொடர்ந்தார்.

அவ்வாண்டு மார்ச்சில் பெரிய பாரிலே இளஞ்சிப்பிகள் எண்ணிலவாய்ப் படர்ந்திருந்தன. நவம்பரிற் சென்று பார்த்தபோது அவை இல்லை. அந்தப் பாரின் மேற்புறத்தே கடல் திடீரென ஆழ்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் சிப்பிகளை வாரிச் சென்றிருக்கும் என்பது ஹேர்ட்மனின் முடிபு. ஆகவே இளஞ்சிப்பிகளைப் பெயர்த்துச் செவல் பார் போன்ற பாதுகாப்பான இடங்களில் இடுமாறு பரிந்துரைத்தார்.

இங்கே மாணவர்களை நிறுத்தி, என் பழைய பிழையொன்றைச் சொன்னேன். இளம் ஆசிரியனாயிருந்தபோது, எருவின் பயனைக் காட்ட இரு சட்டிகளிற் பயறு விதைத்தேன். எருவிட்ட சட்டி வெயிலில் இருந்தது. எருவிடாதது திண்ணையின் மூலையில். முன்னது செழித்ததும் பெருமையோடு விளக்கினேன். வகுப்பின் கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவி, வெயிலினால் வளர்ந்திருக்கலாமே ஐயா என்றாள். அன்று அவளே எனக்கு ஆசிரியை. மாறக்கூடியவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை ஒன்றாகவே வைத்து, மாற்றாத ஒன்றை ஒப்புக்கு நிறுத்தவேண்டும். அந்த ஒப்புப்பொருளையே கட்டுப்பாடு என்கிறோம். மாறுவனவற்றை மாறிகள் என்கிறோம்.

பெரிய பாரிலே மாறிகள் எத்தனை! நீரோட்டம் மாறியது, மணல் புரண்டது, சிப்பியைத் தின்னும் திருக்கையும் கிளாத்தியும் வந்து போயின, சிப்பிகள் நெருங்கி ஒன்றையொன்று நசுக்கின. இவற்றுள் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கக் கடல் இடந்தருவதில்லை. ஹேர்ட்மனின் முடிபு தக்கதே. ஆயினும் அது ஊகம், நிரூபணமன்று.

அடுத்து நிகழ்ந்தவை இவ்வேறுபாட்டை அரசுக்கும் உணர்த்தியிருக்க வேண்டும். 1903 முதற் சலாபங்கள் மீண்டன. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. விஞ்ஞானம் வென்றது என்ற எண்ணம் பரவிற்று. ஆனால் அச்சிப்பிகள் அவரது ஆலோசனை பலன் தருமுன்னரே அங்கு வளர்ந்துகொண்டிருந்தவை. 1906இல் முத்துக் கடல் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்கு விடப்பட்டது. 1907க்குப் பின் சலாபம் நின்றது. கம்பனி நட்டப்பட்டுக் கலைந்தது. 1925இல் ஒரு சலாபம் நடந்தும் பழைய செழிப்பு திரும்பவில்லை. வளம் வந்தபோது விஞ்ஞானத்தைப் புகழ்ந்ததும், அது போனபோது இகழ்ந்ததும் ஒரே தவறின் இரு முகங்கள். தொடாமல் விட்ட பார் ஒன்றை ஒப்புக்கு வைத்திருந்தாலன்றி, எதனால் எது விளைந்தது என எவர் சொல்ல முடியும்?

முத்தின் பிறப்பைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இதுவே நேர்ந்தது. கொழும்பிற் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட், 1850களின் இறுதியிலேயே சிப்பியிற் புழுக்களைக் கண்டு, முத்துக்கும் அவற்றுக்கும் தொடர்புண்டு என எண்ணினார். ஹேர்ட்மன் முத்துகளின் சுண்ணப்பகுதியை அமிலத்தாற் கரைத்துப் பார்த்தார். சிலவற்றின் நடுவே நாடாப்புழுவின் இளவுரு இருந்தது. சிறந்த முத்துக்கு அதுவே காரணம் என்றார். மணல் காரணமாவது அரிது என்பதையும் உணர்த்தினார். தம் ஆராய்ச்சி முழுவதையும் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார்.

பின்னர் லிஸ்டர் ஜேம்சன் என்பவர் வேறொரு கேள்வியை எழுப்பினார். முத்து உள்ள சிப்பியிற் புழு உண்டா என்பது மட்டும் போதாது. புழு உள்ள சிப்பியிலெல்லாம் முத்து உண்டா என்றும் பார்க்கவேண்டும். 1912இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, பல முத்துகளிற் புழுவே இல்லை. முத்தின்றியும் புழுக்கள் மலிந்திருந்தன. காரணத்தை வேறிடத்துத் தேடவேண்டியதாயிற்று.

அந்த இடம் சிப்பியின் சொந்தத் தோலே. ஓட்டைச் சுரக்கும் மென்மூடித் தோலின் உயிரணுக்கள் உடலுக்குள் நழுவி ஒரு பையாகும்போது, அந்தப் பை உள்ளே முத்தைச் சுரக்கின்றது. ஜப்பானியரின் வளர்ப்பு முத்துமுறை இதனை ஐயமறக் காட்டுகின்றது. உருண்டை மணியொன்றை மட்டும் உடலுள் வைத்தால் முத்து உண்டாவதில்லை. அதனோடு மென்மூடியின் சிறு துண்டொன்றையும் சேர்த்தால் உண்டாகின்றது. மாற்றியது ஒன்றே; விடையும் ஒன்றே. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையாகிய தூத்துக்குடியிலும் 1973இல் அழகர்சாமி என்னும் விஞ்ஞானி இம்முறையால் உருண்டை முத்து விளைவித்தார்.

ஹேர்ட்மனின் இறுதிக்காலம் துயரமுடையது. 1916 யூலை முதலாம் நாள் சொம் போர்க்களத்தில் மகனை இழந்தார். 1922இல் மனைவியையும் இழந்தார். இருவரும் சேர்ந்து வழங்கிய கொடையால் லிவர்பூலிற் கடலியற்றுறைக்குப் பேராசிரியர் பதவி அமைந்திருந்தது. அம்முதுமையிலும் போர்ட் எரினில் அவர் செய்த ஒரு வேலையை நான் மறப்பதில்லை. ஒரே வலையை, ஒரே இடத்தில், ஒரே நாளில் மீண்டும் மீண்டும் இறக்கி, அகப்படும் நுண்ணுயிர்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என எண்ணினார். தற்செயலான வேறுபாட்டின் அளவை அறியாமல் மாற்றத்தின் காரணத்தை அறியமுடியாது என்பதை அவ்வேலை நமக்கு உணர்த்துகின்றது. 1924இல் அவர் மறைந்தார்.

கதையை முடித்தபோது, அவர் தோற்றவர்தானே என்றான் ஒரு மாணவன். இல்லை என்றேன். பிறர் தம் முடிபைச் சோதித்து மறுக்கும் வண்ணம், கண்டது அனைத்தையும் மறையாமல் எழுதி வைத்தவர் அவர்; அவ்வேடு இல்லையேல் மறுப்பும் இல்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாள், அந்த மாணவன் வகுப்பிற்கு இரு சட்டிகள் கொண்டுவந்தான். இரண்டையும் ஒரே வெயிலில் வைத்தான்.