ஸர் பிரோஸ்ஷா மேத்தா

நகரசபைத் தேர்தல் அணுகுந்தோறும் நம் சங்கத்து அன்பர் சிலர் எம்பால் வந்து, யாருக்கு வோட்டளிப்பது என வினவுவதுண்டு. பெயர் சுட்டுதல் எமக்கு வழக்கமன்று. அதற்கு ஈடாகப் பெரியார் ஒருவர் சரிதத்தை ஈண்டு வரைகின்றோம்.

பிரோஸ்ஷா மேத்தா 1845-ஆம் ஆண்டு பம்பாயில் பார்ஸி வணிகக் குடியொன்றிற் பிறந்தார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகி 1868-இல் மீண்டார். அந்நாளில் அந்நகரின் ஆட்சி கிராபோர்டு என்னும் கமிஷனர் கையிலிருந்தது. அவர் நகரைத் துப்புரவாக்கினாரேனும் பொருளை வரையின்றிச் செலவிட்டார். மக்கள் வெகுண்டனர். 1871-இற் கூடிய கூட்டத்திலே, இருபத்தாறு வயதினரான மேத்தா எழுந்து, கமிஷனரைத் தூற்றுவதாற் பயனில்லை, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் சபையே வேண்டுவது என வாதித்தார். கூட்டத்தார் கூச்சலிட்டனர். ஆயினும் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர் 64 பேருட் பாதியினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்க்கே அளித்தது. அதுவும் மிகுந்த வரி கட்டினார்க்கு மட்டுமே. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் உருவானதிலும் மேத்தாவின் உழைப்புப் பெரிது. 1884, 1885, 1905 ஆகிய ஆண்டுகளில் அவரே சபைத் தலைவர்.

இனி, யாம் சொல்லவந்த செய்தி. உறுப்பினருள் 16 பேரைச் சமாதான நீதிபதிகள் என்னும் கௌரவப் பதவியினர் தேர்ந்தெடுப்பது வழக்கு. மேத்தா அவ்வழியே சபை புகுபவர். அவர் செல்வாக்கைப் பொறாத ஆங்கில அதிகாரிகள் சிலரும் பத்திரிகாசிரியர் ஒருவரும் 1907-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை விலக்கத் துணிந்தனர். உபாயம் மிக எளிது. 16 இடத்திற்கு 16 பெயர் கொண்ட பட்டியலொன்றைச் சமைத்து, அதனை அப்படியே ஆதரிக்குமாறு ஏவினர். நீதிபதிகளுள் அரசாங்க உத்தியோகம் வகித்தோர் மேலோர் குறிப்பறிந்து ஒழுகினர். பட்டியலை முழுதும் ஏற்பவன் அதிலுள்ளார் யாவர், நகருக்கு யாது செய்தார், சபையோடு அவர்க்குக் கொடுக்கல் வாங்கல் உண்டோ என ஆராய வேண்டுவதில்லையன்றோ! மேத்தா 17-ஆவதாக நின்றார். முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர் வாயிற்புறத்தே நிறுத்தப்பட்டார்.

இது பம்பாய்க்கே உரிய இழிவு என்று கருதற்க. நம்மவர் என்ற ஒரு சொல்லே நம் இல்லங்களிற் பட்டியலாகிவிடுகின்றது. யாமே ஒருகால் உறவினர் சொற்கேட்டு, இன்னாரென்றறியாத ஒருவர்க்கு வோட்டளித்தோம். அவர் காலம் முடியுமட்டும் எம் தெருக் கால்வாய் தூர் வாரப்படவேயில்லை. உறவினரும் அத்தெருவினரே.

நிற்க. வென்ற 16 பேருள் ஒருவர்க்கு நகரசபையின் குத்தகையொன்றிற் பங்கிருந்தது. அத்தகையோர் உறுப்பினராதலைச் சட்டம் விலக்கியிருந்தது. வழக்கு மன்றமேறிற்று, அவர் தேர்தல் செல்லாதாயிற்று, அடுத்து நின்ற மேத்தா அவ்விடத்தைப் பெற்றார். 1915-ஆம் ஆண்டு நவம்பரில் உயிர் நீங்கும்வரை அவர் சபைப் பணியைக் கைவிடவில்லை. அவர் உருவச்சிலை இன்றும் அந்நகர மன்ற மாளிகையின் முன்னர் நிற்கின்றது.