ஏழையின் ஆகாரமும் ஊரின் மானமும்

ஒரு வியாதிக்குக் கிருமியே காரணம் என்று வைத்தியர்கள் சொன்னால் எந்தச் சர்க்காருக்கும் கோபம் வருவதில்லை. கொசுதான் காரணம் என்றால் கொசுவை ஒழிக்கப் பணம் ஒதுக்குகிறார்கள். ஆனால், அவ்வியாதி ஜனங்களின் தரித்திரத்திலிருந்து பிறக்கிறது என்றும், அவர்கள் தினந்தோறும் உண்ணும் ஆகாரமே அவர்களைக் கொல்லுகிறது என்றும் ஒருவர் ருஜுப்படுத்திக் காட்டினால் என்ன நடக்கும்? அக்கணமே வைத்திய விஷயம் ராஜீய விவகாரமாகிவிடுகிறது. இதைத் தம் வாழ்நாளில் நேரில் கண்டவர் அமெரிக்க வைத்தியர் டாக்டர் ஜோஸப் கோல்ட்பர்கர். பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அவருடைய சரித்திரத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கோல்ட்பர்கர் 1874-ம் வருஷம், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில், இன்று ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1883-ல் அக்குடும்பம் பிழைப்பைத் தேடி நியூயார்க்கில் குடியேறிற்று. தகப்பனார் சிறு மளிகைக் கடை வைத்தார். பிள்ளை வீடு வீடாகச் சாமான்களைச் சுமந்து சென்று கொடுத்தார். முதலில் இஞ்சினீயரிங் படிக்கத் தொடங்கி, பின்னர் மனம் மாறி, 1895-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1899-ல் சர்க்காரின் சுகாதார சேவையில் சேர்ந்தார். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் ஆகியவற்றை ஆராயச் சென்ற இடங்களில் அம்மூன்றும் அவரையே பற்றின; மூன்றிலும் உயிர் தப்பினார். தொத்துநோய் இன்னதென்று அவருக்குப் பிறர் கற்பிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பின்னால் நடந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள இது மிகவும் முக்கியம்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாகாணங்களைப் பெலாக்ரா என்னும் வியாதி வாட்டி வதைத்தது. வெயில் படும் கைகளிலும் கழுத்திலும் பாதங்களிலும் தோல் சிவந்து தடித்து உரியும், வயிற்றுப்போக்கு உடலை உருக்கும், பிறகு சித்தம் கலங்கும், இறுதியில் மரணம். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த குடியானவர்களிடையே இது நெடுங்காலமாக இருந்து வந்தது. அமெரிக்காவில் கெட்டுப்போன சோளத்தால் வருவதென்று சிலர் கருதினர். கிருமியால் தொற்றுவதென்று பலர் சாதித்தனர். கிருமி நூல் வெற்றிமேல் வெற்றி கண்டுகொண்டிருந்த காலம் அது.

1914-ல் இவ்விசாரணை கோல்ட்பர்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் பூதக்கண்ணாடியைத் தேடவில்லை. மனநோய் வைத்தியசாலைகளையும் அநாதை ஆசிரமங்களையும் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. உள்ளே இருக்கும் நோயாளிகளுக்குப் பெலாக்ரா வருகிறது. அவர்களை இரவும் பகலும் தொட்டுப் பணி செய்யும் தாதிகளுக்கும் சிப்பந்திகளுக்கும் வருவதில்லை. தொத்துநோய் இத்தகைய அந்தஸ்து பேதம் பார்க்குமா? பேதம் சாப்பாட்டில் இருந்தது. நோயாளிகளுக்குச் சோள மாவும் கரும்புப் பாகும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும். சிப்பந்திகளுக்கோ பாலும் முட்டையும் இறைச்சியும்.

மிஸிஸிப்பி ராஜ்யத்தின் ஜாக்ஸன் நகரில் இரண்டு அநாதை ஆசிரமங்களிலும், ஜார்ஜியா ராஜ்யத்தின் மனநோய் வைத்தியசாலையில் ஒரு பகுதியிலும், பால், முட்டை, இறைச்சி, பயறு வகைகளைச் சேர்த்துக் கொடுக்க அவர் ஏற்பாடு செய்தார். வேறு எதையும் மாற்றவில்லை. அநாதைக் குழந்தைகளிடம் மறு வருஷம் அவ்வியாதி அநேகமாக மறைந்தே போயிற்று. ஜார்ஜியாவில் பழைய ஆகாரத்தையே உண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் திரும்பிற்று. புதிய ஆகாரம் பெற்றவர்களுக்குத் திரும்பவில்லை.

நல்ல உணவு நோயை விரட்டும் என்பது தெரிந்தது. கெட்ட உணவு நோயை உண்டாக்கும் என்பதையும் காட்ட வேண்டுமே! 1915-ல் மிஸிஸிப்பியில் ராங்கின் சிறைப் பண்ணையில் 12 கைதிகள் அதற்கு முன்வந்தனர். கவர்னர் பூரண மன்னிப்பு அளிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பெலாக்ராவே இல்லாத அப்பண்ணையில் அவர்களுக்குத் தென் மாகாண ஏழைகளின் ஆகாரம் மட்டும் அளிக்கப்பட்டது. இறுதிவரை நின்ற 11 பேரில் 6 பேருக்குச் சில மாதங்களில் நோயின் அடையாளங்கள் தோன்றின. சிறைக் கதவைத் திறந்துவிடுவதாகக் காட்டிப் பெற்ற சம்மதம் உண்மையான சம்மதமாகாது என்பதே நமது எண்ணம். இன்று எந்த நாகரிக தேசத்திலும் அத்தகைய பரீக்ஷைக்கு அனுமதி கிடைக்காது. ஆனால், ஒன்றையும் நினைக்க வேண்டும். சிறையிலிருந்த அந்த 11 பேருக்குச் சில மாதம் கொடுத்த அதே ஆகாரத்தை, எக்குற்றமும் செய்யாத லக்ஷக்கணக்கான ஏழைகள் ஆயுள் முழுதும் உண்டுகொண்டிருந்தார்கள். அதைக் குறித்து யாரும் ஆக்ஷேபணை கிளப்பவில்லை!

அப்போதும் எதிரிகள் அடங்கவில்லை. அது பெலாக்ராவே அல்ல என்று சிலர் வாதித்தனர். ஆகவே 1916-ல் கோல்ட்பர்கர் தம் உடலையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். அவர்களுடைய தோல் செதிள்களையும் மலமூத்திரத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார். சகாக்களும் அவ்வாறே செய்தனர். அவருடைய மனைவி மேரி அம்மையாரும் நோயாளியின் இரத்தத்தை ஊசி வழியே ஏற்றுக்கொண்டார். ஆக 16 பேர். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை.

இத்துடன் நின்றிருந்தால் அவர் சிறந்த வைத்தியர் என்ற கீர்த்தியோடு ஓய்ந்திருப்பார். ஆனால், ஜனங்கள் ஏன் அத்தகைய ஆகாரத்தை உண்கிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. எட்கர் ஸைடன்ஸ்ட்ரிக்கர் என்னும் பொருளாதார நிபுணரைச் சேர்த்துக்கொண்டு, 1916 முதல் தென் கரோலினாவின் பஞ்சாலைக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய வியாதி பெருகிற்று. கூலி ஒன்றாகவே இருந்த ஊர்களிலும், அண்டைக் குடியானவர்கள் பாலும் காய்கறியும் இறைச்சியும் கொண்டுவந்து விற்ற ஊரில் நோய் குறைவாயிருந்தது. நாட்டுப்புறத்தின் நிலை இன்னும் மோசம். வாரத்துக்குப் பயிரிடும் குடியானவன் வீட்டு வாசல்வரை பருத்தியே போட வேண்டும். பசுவுக்குப் புல்லும் இல்லை, கீரைக்குப் பாத்தியும் இல்லை. அறுவடை வரையில் கடனுக்குக் கிடைக்கும் சோள மாவும் கொழுப்புமே அவன் கதி. வெள்ளைக்காரருள் ஏழைகளும் கறுப்பின மக்களும் இதில் ஒருங்கே சிக்கினர். கறுப்பின மக்கள் இன்னும் அதிகமாக மடிந்தனர்.

1920-ல் பருத்தி விலை விழுந்தது. பெலாக்ரா பெருகப் போகிறதென்று சுகாதார இலாகா எச்சரித்தது. 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங், தெற்கே பஞ்சமும் நோயும் பரவுவதாகக் கவலை தெரிவித்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியை நாடினார். உடனே தென் மாகாணப் பிரமுகர்கள் கொதித்தெழுந்தனர். எங்கள் நாட்டில் பஞ்சமா? எங்களுக்குப் பிச்சையா? வியாபாரம் கெடும், குடியேற வருகிறவர்கள் நின்றுபோவார்கள், எங்கள் மானம் போயிற்று என்று கூக்குரலிட்டனர். உயிர் போகிறவர்களைப் பற்றிய கவலையைக் காட்டிலும் பெயர் போகிறதே என்ற கவலை அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. தேசாபிமானம் வேறு, இத்தகைய வீறாப்பு வேறு. ஊரின் குறையை ஒளிப்பவன் ஊருக்கு நண்பனல்லன்.

கோல்ட்பர்கர் தம் வேலையை விடவில்லை. நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயும் பெலாக்ராவும் ஒன்றே என்று கண்டு, விலை மலிந்த மருந்தைத் தேடினார். பீர் காய்ச்சுவோர் உபயோகிக்கும் ஈஸ்டில் அக்குணம் இருப்பது தெரிந்தது. 1927-ல் மிஸிஸிப்பி நதி பெருகி ஊர்களை அழித்தபோது, செஞ்சிலுவைச் சங்கம் உலர்ந்த ஈஸ்டை ஆயிரக்கணக்கான ராத்தல் விநியோகித்தது, நோய் தணிந்தது. அப்போதும், ஒரே பயிரை நம்பிய குத்தகை முறை மாறினாலொழிய வியாதியின் வேர் அறாது என்பதை அவர் சொல்லத் தவறவில்லை. 1929 ஜனவரி 17-ந் தேதி புற்றுநோயால் காலமானார். அவருடைய அஸ்தி போடோமாக் நதியில் கரைக்கப்பட்டது.

அவர் தேடிய சத்து நிகோடினிக் அமிலம் என்பதை 1937-ல் எல்வெஹ்ஜெம் கண்டுபிடித்தார். 1940-களில் அமெரிக்காவில் மாவிலும் ரொட்டியிலும் அதைக் கலக்கத் தொடங்கினர், பெலாக்ரா மறைந்தது. மாவில் கலந்த சத்தினால் மறைந்ததா, கூலி உயர்ந்ததனாலா, பருத்தியின் ஆதிக்கம் தளர்ந்ததனாலா என்று ஆராய்ச்சியாளர் இன்னும் விவாதிக்கிறார்கள். இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையுமன்று. நம் தக்ஷிணத்திலும் சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் இதே வியாதி இருந்தது. குன்னூரில் பிறந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் கோபாலனும் டாக்டர் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் அதைப் பற்றி எழுதினர்.

மாவில் சத்தைச் சேர்ப்பது எளிது. அதைச் செய்யத் தாமதிப்பது பாபம். ஆனால், அதைச் செய்துவிட்டதோடு கடமை தீர்ந்ததென்று கருதுவதும் பிசகு. ஏழையின் கையில் பாலும் பயறும் வாங்கக் காசு இருக்கிறதா, அவன் வீட்டருகே கீரை போட ஒரு முழம் நிலம் இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஊட்டச் சத்தைப் பற்றிப் பேசும் சர்க்கார்களும் நிபுணர்களும் அக்கேள்விக்கு விடை சொன்ன பிறகே கோல்ட்பர்கரின் வழக்கு தீர்ந்ததாகும். அவர் தம் உடலைக் கொண்டு சாட்சி சொல்லிவிட்டுப் போனார். தீர்ப்பு எழுத வேண்டியவர்கள் நாம்.