அட்டை டாக்டரும் கணக்குப் பார்த்த டாக்டரும்



இந்த இதழில் உங்களுக்கு ஒரு பிரெஞ்சு டாக்டரை அறிமுகம் செய்கிறேன். பெயர் பிரான்சுவா புரூசே. இருநூறு வருடங்களுக்கு முன்பு பாரிஸில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. இன்று டாக்டர்களிலேயே பலருக்கு அவரைத் தெரியாது. அவர் எப்படி உயர்ந்தார், எதில் சறுக்கினார் என்று பார்த்தால் நமக்கும் பயன் உண்டு.

1772 டிசம்பர் 17 அன்று பிரிட்டனி பகுதியில் உள்ள சான் மாலோ என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பாவும் வைத்தியர்தான். பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். மகன் 1792-ல் புரட்சிப் படையில் சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து, மன்னராட்சியை ஆதரித்த கும்பல் ஒன்று அவருடைய தாய் தந்தை இருவரையும் கொன்றுவிட்டது. அந்தக் காயத்தோடு கடற்படையில் அறுவை மருத்துவராக வேலை பார்த்தார். பிறகு பாரிஸில் படித்து 1803-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1805 முதல் நெப்போலியனின் படையோடு ஹாலந்து, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்பெயின் என்று சுற்றினார். காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் உடல்களை அறுத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். அதை வைத்து 1808-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். சோம்பேறியும் அல்ல, போலியும் அல்ல என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1814-ல் பாரிஸில் உள்ள வால் தெ கிராஸ் ராணுவ மருத்துவமனையில் ஆசிரியரானார். இரண்டு வருடத்தில் அன்றைய மருத்துவத்தையே சாடி இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்னது இதுதான்: தனித்தனி நோய் என்று எதுவும் கிடையாது. உடம்பில் ஏதோ ஓர் உறுப்பு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு அழற்சி அடைகிறது. பெரும்பாலும் அது வயிற்றிலும் குடலிலும் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவுகிறது. ஆகவே வைத்தியமும் ஒன்றே. நோயாளியைப் பட்டினி போடு, அட்டையை விட்டு ரத்தத்தை எடு.

எல்லா நோய்க்கும் ஒரே காரணம், ஒரே மருந்து. கேட்பதற்கு எவ்வளவு வசதி பாருங்கள்! பேச்சிலும் அவர் நெருப்பு. மாணவர்கள் வகுப்பில் இடம் இல்லாமல் முண்டியடித்தார்கள்.

அட்டை விடுவது நம் ஊர் வைத்தியத்திலும் உண்டு. ஆனால் புரூசே காலத்துப் பிரான்ஸில் நடந்தது வேறு கணக்கு. ஒரே ஆளின் வயிற்றில் ஒரே நேரத்தில் 30, 40 அட்டைகள் விட்டார்கள். உள்ளூர்க் குளம் குட்டைகளில் கிடைத்தது போதவில்லை. 1833-ல் மட்டும் வெளிநாட்டிலிருந்து 4 கோடியே 15 லட்சம் அட்டைகள் வரவழைத்தார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக்கும் அதே பிரிட்டனிக்காரர்தான். காசநோய் என்பது தனி நோய் என்று அவர் சொன்னார். புரூசே ஒத்துக்கொள்ளவில்லை. லென்னெக் 1826-ல் அதே காசநோயில் 45 வயதில் இறந்தார். அவர் சொன்னதுதான் சரி என்று பின்னால் உலகம் ஏற்றது.

1832 மார்ச் கடைசியில் பாரிஸில் காலரா புகுந்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் மாண்டார்கள். காலராவில் உடம்பின் நீரெல்லாம் வெளியேறிவிடும் என்பது நமக்குத் தெரியும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாலே பலர் பிழைப்பார்கள். புரூசே அதையும் குடல் அழற்சி என்றே பார்த்தார். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் அட்டை விட்டார். பிரதமர் காசிமீர் பெரியே மருத்துவமனைக்குப் போய்க் காலரா நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், தானும் படுத்தார். அவருக்குச் சிகிச்சை தந்ததும் புரூசேதான். மே 16 அன்று பெரியே இறந்தார். மக்கள் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

நான் சொல்ல வந்த இடம் இனிமேல்தான். பியேர் லூயி என்று ஒரு டாக்டர். மேடைப் பேச்சு வராதவர். வார்டு வார்டாகப் போய் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன நோய், எந்த நாள் ரத்தம் எடுத்தார்கள், பிழைத்தாரா இறந்தாரா என்று எழுதி வைத்தார். பேரேடு எழுதிப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா? நிமோனியா வந்த 77 பேரின் கணக்கைப் போட்டார். நோய் கண்ட முதல் 4 நாட்களுக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்கள் 41 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 வீதம் இறந்திருந்தார்கள். தாமதமாக எடுக்கப்பட்ட 36 பேரில் இறந்தது கால் பங்கு. சீக்கிரம் ரத்தம் எடுத்தால் உயிர் பிழைக்கும் என்றல்லவா எல்லோரும் நம்பினார்கள்! லூயி ரத்தம் எடுப்பதை அடியோடு தள்ளிவிடவில்லை. எல்லோரும் நினைத்த அளவுக்கு அதில் பலன் இல்லை என்று மட்டும் அடக்கமாகச் சொன்னார். 1835-ல் அது புத்தகமாக வந்தது. புரூசே இந்த எண்ணிக்கை முறையை ஏற்கவே இல்லை. ஆனால் ஐந்தொகை போட்ட பிறகு வாதம் எடுபடுமா?

புரூசே 1838 நவம்பர் 17 அன்று காலமானார். அவருக்கு வரவு வைக்க வேண்டியதையும் வைத்துவிடுவோம். நோயை உறுப்புகளில் தேட வேண்டும், ஆரோக்கியமான உடம்பின் விதிகளே நோயுற்ற உடம்புக்கும் பொருந்தும் என்று அழுத்திச் சொன்னவர் அவர். பாரிஸில் ஒரு மருத்துவமனைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அட்டைக்கும் இன்று மறுவாழ்வு உண்டு. ஒட்டுறுப்பு அறுவைக்குப் பிறகு தேங்கும் ரத்தத்தை எடுக்க அதை உபயோகிக்கிறார்கள். எங்கே பலன் என்று பார்த்து, அங்கே மட்டும்.

புரூசேயிடம் அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. தன் வைத்தியத்தால் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கும் மனசு மட்டும் இல்லை.

நம் வளாகத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாத வீடு குறைவு. எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம், ஒரே பொடி என்று கைபேசியில் செய்தி வராத நாளும் குறைவு. அடுத்த முறை வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? அதில் எத்தனை பேர் குணமானார்கள்? கொடுக்காமலே குணமானவர்கள் எத்தனை பேர்? பதில் வராவிட்டால், டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.