கடல் கடந்த ஆன் ஜட்ஸன் அம்மையார்

மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டுச் சித்தூரிலோ திருப்பதியிலோ வந்து இறங்குவது இரயில்வே ஊழியராகிய நமக்குப் பழகிய செய்தியே. காட்பாடியில் வண்டி ஏறினால் சில மணி நேரத்தில் தெலுங்கு வழங்கும் ஊருக்கு வந்துவிடுகிறோம். இதனையே பெரும் பிரிவாக எண்ணி மனம் சோர்வாரும் நம்முள் உளர். அவர்கள் பொருட்டே, சென்னையில் பாய்க்கப்பல் ஏறி வேற்று நாடு சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மலரில் எழுத முன்வந்தோம்.

ஆன் அம்மையார் 1789-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் அமெரிக்க நாட்டில் மாஸசூஸெட்ஸைச் சார்ந்த பிராட்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். 1812 பிப்ரவரி 5-ஆம் நாள் அடோனிராம் ஜட்ஸன் என்னும் சமயத் தொண்டரை மணந்தார். மணம் முடிந்த இரு வாரங்களில் தம்பதிகள் கப்பல் ஏறினர். நான்கு திங்கள் கழித்துக் கல்கத்தாவை அடைந்தனர். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களைத் தங்கவிடவில்லை. ஆகவே மொரீஷியஸ் தீவுக்குச் சென்றனர். உடன் புறப்பட்ட தோழியாகிய ஹாரியட் நியூவெல், 19 வயதிலேயே அத்தீவில் உயிர் நீத்தார் என்னும் செய்தியே அவர்களை அங்கு எதிர்கொண்டது.

1813 ஜூன் திங்களில் சென்னைக்கு வந்தனர். இங்கும் கம்பெனியாரின் அச்சம் தொடர்ந்தது. அப்பொழுது புறப்பட இருந்த ஜார்ஜியானா என்னும் கப்பல் இரங்கூனுக்குச் செல்வது. வேறு வழியின்றி ஜூன் 22-ஆம் நாள் அதில் ஏறினர். அம்மையாரோ அப்பொழுது நிறைசூலி. துணைக்கென அமர்த்திய பணிப்பெண் கப்பலிலேயே திடீரென மாண்டாள். மருத்துவர் இல்லை. குழந்தை உயிரின்றிப் பிறந்தது. கடலே அதற்குக் கல்லறையாயிற்று. காற்று கப்பலை அந்தமான் பக்கம் தள்ளியது. தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய நீர்வழியில், பாறைகளுக்கு அஞ்சி அஞ்சிச் செலுத்த நேர்ந்தது. ஆயினும் அபாயமான அவ்விடத்தில்தான் நீர் அலையின்றி அமைதியாக இருந்தது. ஆட்டம் நின்றமையால் அம்மையார் உயிர் பிழைத்தார். ஜூலை 13-ஆம் நாள் இரங்கூனை அடைந்தபொழுது, நடக்க இயலாத அவரை நாற்காலியில் வைத்துச் சுமந்தே கரை சேர்த்தனர்.

கணவர் ஆசிரியரிடம் அமர்ந்து பர்மிய மொழியை ஏட்டில் பயின்றார். வீட்டு நிர்வாகத்தை ஏற்ற அம்மையாரோ நாள் முழுதும் அம்மக்களோடு பேசவேண்டியிருந்தது. எனவே பேச்சில் அவரே முந்தினார். நம் காலனியிலும் நிலை இதுவன்றோ? ஆபீசில் பத்தாண்டு உழைத்தும் தெலுங்கில் தடுமாறும் நம்மைவிட, காய்கறிக்காரியோடும் பால்காரரோடும் பேசும் நம் இல்லத்தரசியார் ஓராண்டிலேயே தெளிவாகப் பேசுவதைக் காண்கிறோம். அம்மையார் சயாம் மொழியையும் கற்று, மத்தேயு சுவிசேஷத்தை அதில் பெயர்த்தார்.

1824-ல் ஆங்கிலேயர்க்கும் பர்மியர்க்கும் போர் மூண்டது. ஒற்றர் என ஐயுற்று ஜட்ஸனை அவா நகரில் விலங்கிட்டுச் சிறையில் அடைத்தனர். அம்மையார் நாள்தோறும் உணவு சுமந்து சென்றார். அதிகாரிகளின் வாயில்தோறும் நின்று முறையிட்டார். கணவரின் பர்மிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை முதலில் மண்ணில் புதைத்தார். மழைக்கு அஞ்சிப் பின்னர்த் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். இடையே பெண் மகவு ஒன்றும் பிறந்தது. தாய் நோயுற்றுப் பாலின்றிப் போகவே, தந்தை விலங்கோடு குழந்தையை ஏந்தி, ஊர்த் தாய்மாரிடம் பால் வேண்டி நின்றார். பர்மியத் தாய்மாரும் மறுக்கவில்லை. போர் நாட்டையே பகையாக்கியபொழுதும் அவர்களுடைய இரக்கம் குன்றவில்லை.

விடுதலை கிட்டியது, உடல் தேறவில்லை. 1826 அக்டோபர் 24-ஆம் நாள், கணவர் வெளியூர் சென்றிருந்தபொழுது, அம்மையார் தம் 36-ஆம் வயதில் காலமானார். ஆறு திங்களில் மகளும் மறைந்தாள். தலையணையில் காத்த ஏடு மட்டும் பிழைத்தது. ஜட்ஸன் பர்மிய விவிலிய மொழிபெயர்ப்பை 1834-ல் நிறைவு செய்தார், அகராதியும் தொகுத்தார். 1850-ல் கப்பலில் இறந்த அவரையும் வங்கக் கடலே ஏற்றது.

அவர்தம் சமயக் கொள்கை நமக்கு உடன்பாடாயினும் ஆகாதாயினும், வந்த ஊரின் மொழியை அவர்கள் மதித்த பாங்கு நாம் கொள்ளத்தக்கது. நம் மக்கள் இல்லத்தில் தமிழ் பயில்க. அண்டை வீட்டாரோடு தெலுங்கும் பேசுக. மாற்றல் ஊரை வண்டிக்குக் காத்திருக்கும் அறையாக எண்ணாதிருப்போமாக.