வேலை போயிற்று, பணி போகவில்லை

மாந்தர் வாழ்வில் இடர் வாராத நாள் அரிது. தேர்வில் ஒரு தாள் தவறினாலும், கேட்ட வேலை கிட்டாவிட்டாலும், வாழ்வே முடிந்துவிட்டதென மனம் தளர்வார் பலரை நான் காண்கிறேன். வந்த இடரின் உண்மையான அளவு என்ன என்று அளந்து பார்ப்பார் சிலரே. அச்சிலருள் ஒருவர் மறைமலையடிகள்.

நான் வாழும் ஊர் அவர் பெயரால் அமைந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1980-களில் துணை நகராக வளர்த்த மறைமலை நகரே அது. அப்பெயரை நாள்தோறும் பேருந்துப் பலகையில் காண்போர் ஆயிரக்கணக்கானோர். அப்பெயருக்குப் பின்னே நிற்கும் வாழ்வை அறிந்தோர் சிலரே என்பது என் எண்ணம். ஆதலின் அதனை இங்கு எழுத முற்பட்டேன்.

அடிகள் 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் நாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் சொக்கநாதர், தாயார் சின்னம்மை. பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். இளமையிலேயே தந்தையாரை இழந்தமையால் அவர்தம் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஆயினும் கல்வி நிற்கவில்லை. நாகையில் புத்தகக் கடை நடத்திவந்த தமிழறிஞர் நாராயணசாமிப் பிள்ளையிடம் சென்று பழந்தமிழ் நூல்களைக் கற்றார். ஆங்கிலமும் வடமொழியும் பெரிதும் தம் முயற்சியாலேயே பயின்றார். பள்ளி வேறு, கல்வி வேறு என்பதை அவ்விளமையிலேயே அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். பரிதிமாற் கலைஞர் எனப் பெயர் பூண்ட சூரியநாராயண சாத்திரியார் அங்கு அவருடன் பணியாற்றினார். அப்பெருமகனார் 1903-இல், தம் 33-ஆம் அகவையிலேயே மறைந்தார். அவ்வாண்டிலேயே அடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சி வெளிவந்தது. ஞானசாகரம் என்னும் இதழையும் 1902 முதல் அவர் நடத்தி வந்தார்.

பின்னர் வந்ததே பேரிடர். சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியது. பட்ட வகுப்புகளில் தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலை நீங்கிற்று. தமிழாசிரியர்க்குத் தேவையும் குறைந்தது. 13 ஆண்டுகள் பணியாற்றிய கல்லூரியை விட்டு 1911-இல் அவர் வெளியேறினார். அகவையோ 35-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி மக்களோ உடனிருந்தனர். திங்கள்தோறும் வந்த ஊதியமும் நின்றது. அத்தகைய நிலையில் கலங்காதார் யார்?

அவர் வாழ்வில் நான் பெரிதும் வியக்கும் இடம் இதுவே. போனது வேலைதான், பணி போகவில்லை. வகுப்பறை இல்லையெனின் மேடை உண்டு. மேடை இல்லையெனின் எழுதுகோல் உண்டு. பல்லாவரத்தில் குடியமர்ந்தார். துறவு பூண்டு, நூல் ஆராய்ச்சியிலும் சொற்பொழிவிலும் ஈடுபட்டார். சொந்த அச்சுக்கூடம் நிறுவித் தம் நூல்களை அச்சிட்டார். தனி ஒருவர் ஆற்றலால் மட்டும் இவை நிகழவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். தமிழகத்திலும் இலங்கையிலும் அவரை அழைத்துப் பேசச் செய்து, பொருளும் உதவிய அன்பர் பலர் இருந்தனர். இடரில் துணையை ஏற்பது இழுக்கன்று.

1916-இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றிற்று. வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. மகள் நீலாம்பிகை அம்மையாரும் அவ்வழியில் நின்று நூல்கள் இயற்றினார். மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூல் 1930-இல் வெளிவந்தது. கல்லூரியிலேயே இருந்திருப்பின் இத்தனையும் செய்திருப்பாரோ, அறியோம். ஆயினும் வேலை இழந்தது நன்மையே என்று கூற நான் துணியேன். இழப்பு இழப்பே, அதன் பிறகு செய்த உழைப்பே நன்மை.

1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அடிகள் மறைந்தார். தாம் அரிதின் ஈட்டிய ஏறத்தாழ 4,000 நூல்களைத் தமிழ் மக்களுக்கே விட்டுச் சென்றார். அவற்றைக் கொண்டு 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் திறக்கப்பட்டது.

எங்கள் ஊரிலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. நம் கல்லூரி மாணவருள் பலர் அவ்வாலைத் தொழிலாளரின் பிள்ளைகள். 2021-இல் மறைமலை நகரின் பெரிய கார் ஆலை ஒன்று உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, எத்தனையோ இல்லங்களில் கவலை சூழ்ந்ததை நான் அறிவேன். ஆலையின் கதவு மூடலாம். கையிலுள்ள தொழில் திறனை எவரும் பூட்ட இயலாது.

நண்பர்களே, இடர் வரும்போது இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். போனது எது? எஞ்சியிருப்பது எது? முதற்கேள்விக்கு விடை எளிதில் வரும். இரண்டாவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அப்பொறுமையே ஊக்கத்தின் வித்து. அதனைப் பேணுவோமாக!