பிழைத்த கன்றுக்குத்தான் காசு: வங்காரி மாத்தாயின் வாழ்க்கை

சில வருடங்களுக்கு முன், வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் நடந்த மரநடுகை நிகழ்வைச் செய்தியாக்கப் போயிருந்தேன். பதாகை, விருந்தினர்கள், வரிசையாக நட்ட கன்றுகள் என்று எல்லாவற்றையும் படம் எடுத்தேன். அடுத்த கோடையில் அதே வழியால் போனபோது பெயர்ப்பலகை மட்டும்தான் நின்றது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகள் கருகிவிட்டன. மிச்சத்தை ஆடுகள் மேய்ந்துவிட்டன. எத்தனை பிழைத்தன என்று யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அந்தக் கேள்வியோடுதான் கென்யாவின் வங்காரி மாத்தாயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

வங்காரி 1940 ஏப்ரல் 1 அன்று, கென்யாவின் மத்திய மலைநாட்டில் நியேரிக்கு அருகிலுள்ள இகிதே கிராமத்தில், கிகுயு விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. அது கடவுளின் மரம், அதிலிருந்து விறகு எடுக்கக் கூடாது என்பது தாய் சொல்லிக்கொடுத்த பாடம். மரத்துக்கு அருகே ஓர் ஊற்று ஓடியது.

1950களில் மௌ மௌ கிளர்ச்சி வெடித்தது. பிரித்தானிய ஆட்சி கிகுயு மக்களை வீடுகளிலிருந்து எழுப்பி, காவல் போட்ட அவசரகாலக் கிராமங்களுக்குள் அடைத்தது. வங்காரியின் தாயும் அப்படியொரு கிராமத்துக்குப் போகவேண்டி வந்தது. மகள் விடுதிப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தார்.

1960இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா போன வங்காரி, உயிரியல் படித்துத் திரும்பினார். 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றபோது, கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ஊருக்குப் போய்ப் பார்த்தபோது அத்திமரம் இல்லை. காணியின் புதிய உரிமையாளர் தேயிலை நடுவதற்காக அதைத் தறித்திருந்தார். ஊற்றும் வற்றிப்போயிருந்தது.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்கள் சொன்ன குறைகளை அவர் கென்யப் பெண்கள் தேசிய சபையில் கேட்டார். விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை. காடு அழிந்து தேயிலையும் கோப்பியும் வந்த இடங்களில் மண் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. எல்லாக் குறைக்கும் அடியில் இருந்தது ஒரே காரணம் என்று அவருக்குப் பட்டது. 1977 ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினத்தன்று நைரோபியில் 7 மரங்களை நட்டார். பசுமைப் பட்டை இயக்கம் அங்கேதான் தொடங்கியது.

படிக்காத பெண்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்று வனத்துறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பயிரும் விதையும் அந்தப் பெண்களின் கைப்பழக்கம் என்று வங்காரிக்குத் தெரியும். தங்கள் ஊர் மரங்களின் விதையைச் சேர்த்து, உடைந்த சட்டிகளிலும் நாற்றுப் போட்டார்கள். நட்ட கன்று பிழைத்தால்தான் இயக்கம் அதற்குச் சிறு தொகை கொடுத்தது. அதனால் நட்டபின் போய்ப் பார்ப்பதும் எண்ணுவதும் வேலையின் பகுதியாகிவிட்டன. 2004ஆம் ஆண்டளவில் நட்ட மரங்கள் 30 மில்லியனுக்கு மேல்.

நிலத்தைப் பற்றிப் பேசினால் ஆட்சியைப் பற்றியும் பேசவேண்டி வந்தது. 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஜனாதிபதி மோயின் அரசாங்கம் திட்டமிட்டது. வங்காரி கடிதம் கடிதமாக எழுதி எதிர்த்தார். விவாகரத்தான பெண் என்று நாடாளுமன்றத்திலேயே ஏளனம் செய்தார்கள். இயக்கத்தின் அலுவலகத்தையும் பறித்தார்கள். ஆனால் முதலீட்டாளர்கள் விலக, கட்டடம் எழவில்லை.

1992 பெப்ரவரியில் அதே பூங்காவில் அரசியல் கைதிகளின் தாய்மாரோடு உண்ணாவிரதம் இருந்தார். மார்ச் 3 அன்று பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்துத் தடிகளோடு பாய்ந்தனர். வங்காரி மயங்கி விழுந்தார். முதிய தாய்மார் சிலர் உடுப்பைக் களைந்து நின்றார்கள். மகன் வயதுள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய சாபம் அவர்களின் மரபில் இல்லை. பிறகு தேவாலயம் ஒன்றுக்குள் இருந்து ஒரு வருடமளவில் போராடினார்கள். அநேகமாக எல்லா மகன்மாரும் விடுதலையானார்கள். வீதியோரக் கொட்டகைகளில் பிள்ளைகளின் படத்தோடு இருக்கும் எங்கள் அம்மாக்களை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் வாசிக்க முடியவில்லை. அங்கே மகன்மார் திரும்பி வந்தார்கள்.

அதே காலத்தில் பிளவுப் பள்ளத்தாக்கில் இனக்கலவரம் மூண்டு ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். வங்காரி அங்கேயும் போனார். மோதிக்கொண்ட சமூகங்கள் சமாதானத்தின் அடையாளமாக மரம் நட வழி செய்தார். 1999 ஜனவரியில், தனியாருக்குக் கைமாறிய கருரா காட்டில் கன்று நடப் போனபோது காவலாட்கள் தாக்கி அவரது தலையை உடைத்தார்கள். வழிந்த இரத்தத்தாலேயே பொலிஸ் முறைப்பாட்டில் கையொப்பமிட்டார். கருரா இன்றும் காடாகவே நிற்கிறது.

2002இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அதைப் பெற்ற முதல் ஆபிரிக்கப் பெண் அவர். செய்தி வந்த அன்று நியேரியில், கென்யா மலையைப் பார்த்தபடி ஒரு மரம் நட்டார். 2011 செப்டெம்பர் 25 அன்று புற்றுநோயால் காலமானார். தனக்காக மரம் தறிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், மூங்கிலாலும் கோரையாலும் ஆகாயத்தாமரையாலும் செய்த பேழையில் வைத்துத் தகனம் செய்தார்கள்.

இப்போதும் மரநடுகை நிகழ்வுகளுக்கு அழைப்பு வருகிறது. போகிறேன். எத்தனை நடுகிறீர்கள் என்று முன்பு கேட்பேன். இப்போது, தண்ணீர் யார் ஊற்றுவது, அடுத்த வருடம் யார் வந்து எண்ணுவது என்று கேட்கிறேன். பதிலை ஊர்ப் பெண்கள் சொன்னால் குறிப்புப் புத்தகத்தை எடுக்கிறேன்.